செக்‌ஷன் அக்காவும் காத்தாடி சாரும்

ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டே ஒரு மனுஷனை நடுங்க வைக்க முடியும் என்று நிரூபித்த ஒரே ஆள், நான் அறிந்தவரை, திருப்பூர் நல்லூரில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த செக்‌ஷன் அக்காதான். "உங்க மேல கேஸ் போட்டா உள்ள போயிருவீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, காப்பி குடிக்கறீங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்பார். கேட்டவர்கள் முதலில் காப்பியைத்தான் வாங்குவார்கள். பாதி டம்ளர் காலியான பிறகுதான் முதல் பாதி உறைக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

செல்போனில் போட்டோ எடுப்பதே பெரிய அதிசயமாக இருந்த வருஷங்கள் அவை. நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்திருந்தோம். அவர் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். அதாவது தைத்து வருகிற துணியில் ஓட்டை, கறை, நூல் பிசிறு ஏதாவது இருக்கிறதா என்று பகல் முழுக்க உற்றுப் பார்க்கிற வேலை. கைக்குழந்தை ஜெனியைப் பகலில் அந்தோணி பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வார் என்றால், தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தூங்குவார்.

இப்படி இருந்த எங்கள் காம்பவுண்டுக்கு, தாராபுரத்துப் பக்கமிருந்து ஒரு டெம்போவில் இரண்டு பீரோ நிறையப் புத்தகத்தோடு அக்கா வந்து இறங்கினார். காம்பவுண்டே கூடி வேடிக்கை பார்த்தது. பீரோவில் சேலை இல்லாத ஒரு பொம்பளையை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

வந்த வாரமே தண்ணி லைனில் வந்து நின்றார். குழாயில் தண்ணீர் வருவது அங்கே தேரோட்டம் மாதிரி. தெருவே குடத்தோடு திரண்டுவிடும். அக்கா குடம் கொண்டுவரவில்லை. அட்டை ஒன்றில் பேப்பரைச் செருகிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, செக்‌ஷன் நாப்பத்தெட்டு பத்தி உங்களுக்குத் தெரியுங்களா?"

முன்னால் நின்ற ஓவர்லாக் டெய்லரம்மா யோசித்தார். "எங்க கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் இருக்குதுங்க. ஸ்டிச்சிங் செக்‌ஷன், செக்கிங் செக்‌ஷன், அயர்னிங் செக்‌ஷன் இருக்குதுங்க. அவ்வளவுதானுங்க. நாப்பத்தெட்டு செக்‌ஷன் இருக்கற அளவுக்குப் பெரிய கம்பெனின்னா, அங்க எனக்கும் ஒரு வேலை சொல்லி உடுங்க."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் செக்‌ஷன் அக்கா.

அவர் சொன்னது ஃபேக்டரிச் சட்டத்தின் நாற்பத்தெட்டாவது பிரிவு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் அவர்களின் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு அறை வைக்க வேண்டும் என்கிறது அது. இன்னொரு சட்டத்தில் பதினொன்றாவது பிரிவு: குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை, வேலைக்கு வந்த தாய்க்குப் பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை. அக்கா இதையெல்லாம் வைத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பனியன் கம்பெனிகளில் இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. "நடக்கவே இல்லை" என்று நான் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். அதையே முந்நூறு பக்கத்தில் சொன்னால்தான் டாக்டர் ஆக முடியுமாம்.

அவருடைய கேள்வித்தாள் ஒரு தனிப் பிறவி. இங்கிலீஷில் எழுதியதை யாரோ தமிழாசிரியரிடம் கொடுத்துத் தமிழாக்கி வாங்கியிருந்தார். "தாய்ப்பாலூட்டும் இடைவேளை குறித்துத் தங்கள் மனநிறைவின் அளவு யாது?" என்று கேட்பார். எங்கள் காம்பவுண்டில் ஒரு பெண் கொஞ்சமும் யோசிக்காமல், "எல் சைஸுங்க" என்றாள். பனியன்காரிக்கு அளவு என்றால் எஸ், எம், எல், எக்ஸ்எல்தான். அக்கா அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டார்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. தெரு அதைப் பேசாமல் விடுமா? ஒருநாள் குழாயடியில், அவர் காதில் விழட்டும் என்றே ஒருத்தி சொன்னாள்: "புள்ளை பெக்காதவங்களுக்குப் பாலைப் பத்தி என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. அக்கா சிரித்தார். "தெரியாததைத் தெரிஞ்சுக்கத்தானுங்க ஆராய்ச்சி. தெரிஞ்சதைப் பண்ணுனா அதுக்குப் பேரு சமையலுங்க" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் அன்று அவர் வேறு யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவு சாயங்காலம் வரை திறக்கவில்லை. சாயங்காலம் திறந்தபோது ஜெனியைக் கேட்டு என் வீட்டுக்குத்தான் வந்தார்.

அக்காவின் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் காத்தாடி சார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். அவரும் டாக்டர் பட்டத்துக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சி, ஆளில்லாமல் பறக்கிற இயந்திரத்தின் மோட்டார்களை அடக்கி வைப்பது. இன்று கல்யாண மண்டபத்துக்கு மண்டபம் பறந்து படம் எடுக்கிறதே, ட்ரோன், அதனுடைய கொள்ளுத்தாத்தா. அந்தப் பெயர் அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை. அலுமினியக் கம்பி இரண்டைச் சிலுவையாக வைத்துக் கட்டி, நான்கு நுனியிலும் ஒரு மோட்டார், ஒரு றெக்கை. எங்களுக்கு அது காத்தாடி. எங்கள் பக்கம் பட்டத்தைக் காத்தாடி என்போம்; கொங்குநாட்டில் ஃபேனையும் காத்தாடி என்பார்கள். இரண்டுக்கும் பொருந்தி வந்தது.

மொட்டை மாடியில் வைத்து எங்களுக்கு விளக்கினார். "எதிரெதிர் மூலையில இருக்கற ரெண்டும் ஒரு பக்கமாச் சுத்தோணும். மத்த ரெண்டும் அதுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தோணும். நாலும் ஒத்துப்போனாத்தான் மேல போகும். ஒண்ணு மட்டும் முந்திக்கிட்டாலும் கவுத்துப்போடும்."

"எங்க கல்யாணம் மாதிரிதானுங்க" என்றார் அக்கா.

மோட்டார் படித்தவர் என்று தெரிந்ததும் தெருவே மிக்சியும் டேபிள் ஃபேனுமாக அவர் வாசலில் வரிசை கட்டியது. அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் பிரித்தார். பக்கத்து வீட்டு மிக்சி அவர் கைபட்ட பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. சட்னி அரைபடாமல் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. "மேல எழும்புதுங்கல்ல? அதுதான் என்ற ஆராய்ச்சி" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. மிக்சிக்காரியிடம் அக்காதான் போய், "நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை இருக்குதுங்க, எந்த செக்‌ஷன்னு நானே சொல்லித் தர்றேனுங்க" என்று தன் புருஷனுக்கு எதிராகவே சட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனி காம்பவுண்டுக்கு நேர் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு சாக்கடை. சாயத்தண்ணி கலந்து ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடும். மாடியில் நின்று கத்தினால் கம்பெனியில் கேட்கும். ஆனால் போக வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப்பைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நான் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வீட்டுக்கு ஓடுவேன். ஜெனி வாய் வைத்த உடனே மணி அடிக்கிற நேரம் வந்துவிடும். பிடுங்கி அந்தோணியிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். நேரம் ஆக ஆக மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். சேலைக்குள் துணி மடித்து வைத்திருப்பேன். அதுவும் நனையும்.

அன்று வந்தது வெளிநாட்டுக்குப் போகிற கைக்குழந்தைச் சட்டைகள். வெள்ளை. உள்ளங்கை அகலம். அதை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கோ சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. ஜெனியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உடம்புக்கு அது தெரியுமா? நனைந்துவிட்டது. குனிந்து பார்த்தால் மேஜை மேல் வைத்திருந்த சட்டையில் வட்டமாக ஈரம். கறை கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறவள் நான். கறையையும் நானே போட்டிருந்தேன்.

சூப்பர்வைசர் அந்தச் சட்டையை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தான். "என்னம்மா, சரக்கு வாங்கற பையருக்குப் பாலோட சேத்து அனுப்பறதா?" என்றான். சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அட்டையை எடுக்கவில்லை.

"உங்க கம்பெனியில புள்ளைங்களுக்கு ரூம் இல்லீங்களா, ஸ்டெல்லா?"

"இருக்குக்கா. போர்டு மாட்டிருக்கு. உள்ள அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்கு."

"போர்டு எதுக்குங்க?"

"பையர் கம்பெனியில இருந்து ஆடிட்டுன்னு, எல்லாம் சட்டப்படி இருக்கான்னு பாக்க வருவாங்கல்லா, அன்னைக்கு மட்டும் பெட்டியெல்லாம் வெளிய போயிரும். பொம்மை வரும். தெருவுல இருந்து நாலஞ்சு பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாவ. என்னையும் ஜெனியத் தூக்கிட்டு வரச் சொல்லுவாவ." சொல்லும்போதே எனக்கு முகம் மலர்ந்துவிட்டது போலிருக்கிறது. "அன்னைக்கு ஒருநாள் நல்லா இருக்கும்க்கா. ரெண்டு தடவை பால் குடுப்பேன். அவசரமே கெடையாது. எப்ப ஆடிட் வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கு ஏன் என்றே அப்போது புரியவில்லை. நான் சந்தோஷமான விஷயம்தானே சொன்னேன்?

வெள்ளிக்கிழமை என்பதால் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்த காத்தாடி சார் தலையை நிமிர்த்தினார். "அம்மிணி, இதுக்கு ஒரு வழி இருக்குது. ஸ்டெல்லா காலையில பாலைப் பீச்சி வச்சாலும் சரி, கம்பெனியில பீச்சுனாலும் சரி. பாட்டில்ல ஊத்தி நம்ம மெசின்ல கட்டுனா, சாக்கடையைத் தாண்டி இந்த மாடிக்கு வர எவ்வளவு நேரமாகும்?"

"ஏனுங்க," என்றார் அக்கா, ரொம்ப அமைதியாக. "அம்மாவைப் புள்ளைகிட்ட அனுப்போணும்னுதான் சட்டம் சொல்லுது. பாலை ஆகாயத்துல அனுப்போணும்னு இல்லீங்க."

"ஒரு ட்ரையல் பாக்கறதுல என்னங்க தப்பு?"

"அந்த மெசினு இதுவரைக்கும் ஒரு தடவையாவது சொன்ன எடத்துல எறங்கியிருக்குதுங்களா?"

சார் மறுபடி கம்பி சுற்றப் போய்விட்டார். ஆனால் கடைக்குப் போய் ஒரு பால்புட்டி வாங்கி வந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஆடிட் ஒரு சனிக்கிழமையில் வந்தது. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நல்லூரில் கொடியில் காய்கிற போர்வையையே உடுமலைப்பேட்டைக்கு அனுப்பப் பார்க்கும். நான் ஜெனியைத் தூக்கிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி வேலைக்குப் போனேன். அறையில் பெட்டிகள் இல்லை. சுவரில் யானை, முயல் படங்கள். கரடி பொம்மையின் காதில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தன.

ஆடிட்டுக்கு வந்தவர் பெங்களூரில் இருந்து வந்த ஒரு அம்மா. இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும் பேசினார். முதலாளி அவருக்கு இளநீர் கொடுத்து, முற்றத்தில் தீயணைக்கிற மணல் வாளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெனிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியில் எனக்கே தூக்கம் வந்தது.

திடீரென்று வானத்தில் தேனீக்கூட்டம் வருகிற மாதிரி ஒரு சத்தம்.

மதில் மேலாக அது வந்தது. நான்கு றெக்கை, நடுவில் சிவப்பு மூடி போட்ட பால்புட்டி. தண்ணீர் ஊற்றி, கனத்தைத் தூக்குகிறதா என்று மாடியிலேயே பார்க்கத்தான் சார் கிளப்பினாராம். ஆடிக்காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. முதலாளியின் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. குலதெய்வத்தைக் கும்பிடுகிற மாதிரி அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். பிறகு அது சாய்ந்து, முற்றத்தின் ஓரத்தில் மலைபோலக் குவித்திருந்த கட்டிங் வேஸ்டில் போய் விழுந்தது. விழுந்தும் மோட்டார் நிற்கவில்லை. வேஸ்ட் துணியெல்லாம் கிளம்பியது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துண்டுத்துணி மழை. மணல் வாளி, இளநீர், ஆடிட் அம்மாவின் தலை, எல்லாவற்றின் மேலும் பெய்தது. தெருப் பிள்ளைகள் பிஸ்கட்டைப் போட்டுவிட்டுக் கைதட்டின. வாட்ச்மேன் ஓடிவந்து தன் தடியால் இரண்டு போட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது.

ஆடிட் அம்மா தலையில் பச்சைத் துணியோடு குனிந்து அந்தப் பால்புட்டியை எடுத்தார். "வாட் இஸ் திஸ்?" என்றார்.

முதலாளி இங்கிலீஷ், தமிழ் இரண்டையும் மறந்திருந்தார்.

அதற்குள் கேட்டில் செக்‌ஷன் அக்கா. சாக்கடையைச் சுற்றி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. பின்னாலேயே காத்தாடி சார், ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மாதிரி. "மன்னிச்சுக்கோங்க, என்ற ஊட்டுக்காரர்துங்க" என்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே அக்கா உள்ளே வந்தார்.

"ஏன் இதுல ஃபீடிங் பாட்டில்?" என்று கேட்டார் ஆடிட் அம்மா.

நான் ஜெனியை இறுக்கி அணைத்துக்கொண்டேன். முதலாளியின் பார்வை நேராக ஜன்னலுக்கு, என் மேல் வந்தது. அக்காவும் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த அறையும் பொம்மையும் நாடகம் என்று தெரிந்துவிடும். முதலாளிக்கு ஆர்டர் போகும், எனக்கு வேலை போகும். பொய் சொல்லியும் அவருக்குப் பழக்கமில்லை. புருஷனுக்கு எதிராகவே செக்‌ஷன் சொன்ன ஆள்.

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு முதலாளியைக் கையால் காட்டி, இங்கிலீஷிலும் தமிழிலுமாகச் சொன்னார்: "இவரு நொம்ப நல்லவருங்க, மேடம். நான் இந்தச் சட்டத்துலதான் ஆராய்ச்சி பண்றேன். இந்த ரூமைத் தினமும் தொறந்து வைக்கறதாவும், பால் குடுக்கற அம்மாங்களுக்கு ரெண்டு பிரேக் குடுக்கறதாவும் எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க. அதனால இந்தப் பாட்டிலுக்கு இனி வேலையே இல்லீங்க. தினமும் நான் வந்து பாத்துட்டுப் போறதா இருக்கேன். அப்படித்தானுங்களே?"

முதலாளியும் அக்காவும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

"ஆ... ஆமாங்க" என்றார் முதலாளி. வேறு என்ன சொல்ல முடியும்? ஆடிட் அம்மா பளிச்சென்று சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளியின் முகம் பல் பிடுங்கின முகமாக இருந்தது.

திங்கட்கிழமை அறை மறுபடி பூட்டியிருந்தது. நான் எதிர்பார்த்ததுதான். வேலை போகவில்லையே என்ற சந்தோஷத்தில் மேஜைக்குப் போய்விட்டேன்.

காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கேட்டுப் பக்கம் ஜெனியின் அழுகை கேட்டது. இந்த முறை சந்தேகமே இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த அந்தோணியிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குடை பிடித்தபடி அக்கா நின்றார்.

"அம்மிணி, உள்ள உடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் வாட்ச்மேன்.

"பரவாயில்லீங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க. நாங்க இப்படி ஓரமா அழுதுட்டு இருக்கறோம்."

ஜெனி தன் பங்கை நன்றாகச் செய்தாள். ஒரு தையல் மெசின் நின்றது. இன்னொன்று நின்றது. ஜன்னல்களில் பெண்கள் தலை தெரிய ஆரம்பித்தது. சூப்பர்வைசர் கத்திப் பார்த்தான், ஒருத்தரும் திரும்பவில்லை. மாராப்பை இழுத்து மூடிக்கொண்ட அந்த இருவரும் என் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். முதலாளி காரில் வந்து இறங்கினார்.

"என்னங்கம்மிணி இது? நீங்க ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா, என்னைய அரெஸ்ட் பண்ண வந்தீங்களா?"

"அரெஸ்டெல்லாம் நம்ம கையில இல்லீங்க. இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா அவிய பாத்துக்குவாங்க. சனிக்கிழமை வந்தாங்களே, அந்த மேடம் நம்பரும் எங்கிட்ட இருக்குதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்துச் சுட்ட முறுக்கு கொண்டாந்திருக்கறேன், சாப்பிடறீங்களா?"

முதலாளி முறுக்கைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். நிமிர்ந்து ஜன்னல்களைப் பார்த்தார். மறுநாள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் போக வேண்டும். கட்டடத்தில் ஒரு மெசின்கூட ஓடவில்லை. அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை, ஷிப்மெண்ட் நெஞ்சுக்காரர்.

"தொறந்து உடப்பா" என்றார் வாட்ச்மேனிடம். பிறகு ஒரு முறுக்கையும் எடுத்துக்கொண்டார்.

அட்டைப்பெட்டிகளை நாங்களே தூக்கி வெளியே வைத்தோம். அந்த வாரம் முடிவதற்குள் அந்த இருவரும் தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். இன்னும் சிலர் வந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதான அம்மாவையும் போட்டார்கள். முதல் நாள் அந்த அறையில் உட்கார்ந்து, ஆடிட் இல்லாத ஒரு சாதாரண நாளில் ஜெனிக்குப் பால் கொடுத்தபோதுதான், அக்காவின் கண் அன்றைக்கு ஏன் நிறைந்தது என்று எனக்குப் புரிந்தது. ஒருநாள் நாடகத்தையே வரமாக நினைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.

அக்கா இதற்குக் கொடுத்த விலை பிறகு தெரிந்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் கூப்பிட்டு விட்டார். ஆராய்ச்சியாளர் என்றால் உள்ளதை உள்ளபடி பார்த்து எழுத வேண்டும். கேட்டில் குழந்தையோடு நின்று உள்ளதை மாற்றக்கூடாது என்றார். எங்கள் கம்பெனிப் பெண்களிடம் எடுத்த அத்தனை பேட்டியையும் ஒதுக்கச் சொல்லிவிட்டார். பெரும்பாலும் அதுதான் அவருடைய ஆராய்ச்சியே.

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"உங்க கம்பெனி என் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லைன்னுட்டாங்க, ஸ்டெல்லா. அங்க சட்டம் நடக்குதாமுங்க." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்றபோது முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். எவ்வளவு வெயிலில் எவ்வளவு தெரு நடந்து வாங்கிய பதில்கள் அவை. 'எல் சைஸு'ம் அதில் போயிற்று.

"எங்களாலதானே?" என்றேன்.

"இல்லீங்க. என்னாலதான். மறுபடி அதே எடத்துல நிக்கச் சொன்னாலும் நிப்பேனுங்க. என்ன, இன்னொரு தடவை மொதல்ல இருந்து எழுதோணும். சட்டத்தை மீறுற கம்பெனிக்கு நம்ம நாட்டுல பஞ்சமுங்களா?"

உடுமலைப்பேட்டைப் பக்கம் குடிபோய், நூல் மில் தொழிலாளிகளிடம் ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்குவதாக முடிவாயிற்று. காத்தாடி சாருக்கும் அதில் சந்தோஷம். அது காற்றாலை இருக்கிற ஊர், காற்றைப் பற்றி யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார். ஜன்னல்களில் நின்றவர்கள், குழாயடியில் அவரைக் குத்திப் பேசியவள், மிக்சிக்காரி, எல்லாரும் சாமான் ஏற்ற வந்தார்கள். குத்திப் பேசியவள்தான் புத்தக மூட்டைகளில் கனமானதைத் தலையில் வாங்கிக்கொண்டாள். அக்கா அவளுக்கும் ஒரு 'ங்க' போட்டு நன்றி சொன்னார்.

பின்னால் பல வருஷம் கழித்து அக்கா டாக்டர் ஆனதாகப் போன் செய்தார். சார் இன்னும் ஆகவில்லையாம். மூன்று மோட்டார் சொன்னபடி கேட்கிறதாம், நாலாவது மட்டும் யோசிக்கிறதாம்.

நான் சொல்ல வந்தது அவர்கள் கிளம்பிய நாளை. டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். காத்தாடி சார் முன்சீட்டில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா ஜெனியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அப்ப நான் போயிட்டு வரட்டுங்களா, கண்ணு?" என்று அவளிடம் கேட்டார். ஜெனி அவர் தோளில் முகத்தைப் புதைத்து, தாலிக்கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடியும் ஹாரன் அடித்தது. அக்கா நகரவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ள நானும் அவசரப்படவில்லை.